பிளே பட்டைக்கு மேலே அந்த மேடு பள்ளம்: வீடியோ பிளேயரில் கிராஃப் பிளக்இன் சேர்ப்பது என்ன வேலை?

யூடியூபில் வீடியோ ஓடும்போது கீழே இருக்கும் பட்டையின் மேல் மவுஸை வைத்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கிராஃப் எழும்புகிறதே, அது எந்த இடத்தை மக்கள் அதிகமாகத் திரும்பப் பார்த்தார்கள் என்பதைக் காட்டுகிறது. 2022 மே மாதத்தில்தான் அது பரவலாக எல்லோருக்கும் வந்தது. அதிலிருந்து, சொந்தத் தளத்தில் வீடியோ போடுகிறவர்கள், ஆன்லைன் பாடம் நடத்துகிறவர்கள், விளையாட்டு ஒளிபரப்புக்குத் தளம் கட்டுகிறவர்கள் எனப் பலரும் கேட்பது ஒன்றுதான்: நம் பிளேயரிலும் இதைக் கொண்டுவரலாமா, ஏதாவது ஒரு பிளக்இன் (இருக்கிற பிளேயரில் புது வசதியைச் சேர்க்கும் சிறு நிரல்) போட்டால் போதுமா?

கொண்டுவரலாம். ஆனால் கிராஃப் வரைவது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி, நூறு எண்ணைக் கொடுத்தால் எந்த வரைபட லைப்ரரியும் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) அரை நிமிடத்தில் அழகான மலைத்தொடர் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். சிரமம் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. வீடியோவுக்கு ஒரு கடிகாரம், திரைக்கு ஒரு கடிகாரம், தரவுக்கு ஒரு கடிகாரம், மூன்றும் அது அது பாட்டுக்கு ஓடும். இந்த மூன்றையும் ஒத்துப்போக வைப்பதுதான் பிளக்இன் எழுதுகிறவரின் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் கிராஃப் பார்க்க நன்றாக இருக்கும், சொல்வது மட்டும் பொய்யாக இருக்கும்.

முதலில், பிளேயர் என்று எதைச் சொல்கிறோம்?

இணையப் பக்கத்தில் ஒரு வீடியோ மூன்று விதமாக வரலாம். எந்த விதம் என்பதைப் பொறுத்துத்தான் கிராஃப் சேர்க்க முடியுமா முடியாதா என்பதே முடிவாகும்.

1. வெறும் ஹெச்டிஎம்எல் வீடியோ எலிமெண்ட். இதில் தெரியும் பிளே பட்டன், ஒலி, பட்டை எல்லாம் பிரவுசர் தானே வரைந்தவை. குரோமில் ஒரு மாதிரி, சஃபாரியில் இன்னொரு மாதிரி இருப்பது இதனால்தான். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் அந்தப் பட்டைக்குள் கைவைக்க முடியாது, அதைப் பிரவுசர் உள்ளே பூட்டி வைத்திருக்கிறது.

2. அதே வீடியோ எலிமெண்டைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பிரவுசரின் பட்டையை அணைத்துவிட்டு, சொந்தமாகப் பட்டன்களும் பட்டையும் செய்து தரும் லைப்ரரிகள். வீடியோ ஜேஎஸ், பிளையர், கூகுளின் ஷாகா எல்லாம் இந்த வகை. 2010-இல் வந்த வீடியோ ஜேஎஸ் இவற்றில் பழையது, திறந்த மூலம், பிளக்இன் போடுவதற்கென்றே வழி வைத்திருப்பது. இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

3. வேறு தளத்திலிருந்து எம்பெட் செய்த வீடியோ. யூடியூப் வீடியோவை உங்கள் பக்கத்தில் ஒட்டும்போது அது ஐஃபிரேம் என்ற தனி அறைக்குள் ஓடுகிறது. அந்த அறைக்குள் உங்கள் நிரலுக்கு நுழைவு இல்லை. சரி, மேலே ஒரு அடுக்காகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். தொழில்நுட்பப்படி முடியும், ஆனால் யூடியூபின் டெவலப்பர் விதிகளே பிளேயரின் எந்தப் பகுதியையும் மறைத்து எதையும் போடக்கூடாது என்கின்றன. பிளேயருக்கு வெளியே, அதன் கீழே தனியாகக் கிராஃப் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆக, பட்டையோடு ஒட்டிய கிராஃப் வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் ஒரே வழி.

பிளக்இன் உள்ளே என்ன நடக்கிறது

வீடியோ ஜேஎஸ்ஸில் பிளக்இன் என்பது ஒரு பெயரோடு பதிவு செய்யப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். பிளேயர் தயாரானதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிளேயரின் சாவி அதன் கைக்கு வரும். எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது, எத்தனையாவது வினாடி, மொத்த நீளம் என்ன, எல்லாவற்றையும் கேட்கலாம், பட்டையின் உள்ளே புது உறுப்பு ஒன்றைச் செருகவும் செய்யலாம். நம் கிராஃப் அப்படி நகர்த்தும் பட்டையின் குழந்தையாகச் செருகப்பட வேண்டும். பட்டைக்கு வெளியே தனியாக மிதக்கவிட்டால், பார்வையாளர் 2 வினாடி மவுஸை அசைக்காமல் இருந்தவுடன் (வீடியோ ஜேஎஸ்ஸின் வழக்கமான கணக்கு அது) பட்டை மறையும், கிராஃப் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

பிளக்இன் பிறக்கும்போது செய்யும் வேலையைப் போலவே சாகும்போது செய்யும் வேலையும் முக்கியம். இன்றைய தளங்களில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பக்கம் முழுசாக மறுபடி லோட் ஆவதில்லை, பிளேயர் மட்டும் கலைக்கப்பட்டுப் புதிது வரும். பழைய பிளக்இன், பிளேயரின் அறிவிப்புகளைக் கேட்பதற்காகத் தான் வைத்த காதுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் போகவில்லையென்றால், ஐந்து வீடியோ தாண்டியதும் ஐந்து பேய் கிராஃப்கள் பின்னணியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பிளேலிஸ்ட் விஷயத்திலும் இதேதான்: பிளேயர் அதேதான், வீடியோ மட்டும் மாறுகிறது, புது வீடியோ ஏறத் தொடங்கும் நொடியிலேயே பழைய எண்களைத் துடைக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளக்இன்கள் பலவற்றில் இந்தத் துடைப்பு வேலைதான் அரைகுறை.

நேரம் சொல்லும் மூன்று அறிவிப்புகள்

வீடியோ ஓடும்போது "நேரம் நகர்ந்தது" என்று பிரவுசர் அவ்வப்போது அறிவிக்கும். அந்த அறிவிப்பின் பெயர் டைம்அப்டேட். கிட்டத்தட்ட எல்லா ஆரம்பநிலைப் பாடங்களும் இதைப் பிடித்துக்கொண்டுதான் கிராஃப்பை நகர்த்தச் சொல்லும். ஹெச்டிஎம்எல் விதிப்படி இது 15 மில்லிவினாடிக்கு ஒரு தடவையும் வரலாம், 250 மில்லிவினாடிக்கு ஒரு தடவையும் வரலாம். நடைமுறையில் சுமாராக வினாடிக்கு 4 தடவைதான் வரும்.

பட்டையில் ஒரு புள்ளி நகர்வதற்கு இது போதும். ஆனால் ஓடும் பந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 40 மில்லிவினாடி. 250 மில்லிவினாடி தாமதம் என்றால் 6 ஃபிரேம் பின்தங்கல். பந்து பேட்டை விட்டுப் பறந்திருக்கும், உங்கள் வட்டம் இன்னும் பேட்ஸ்மேன் காலடியிலேயே கிடக்கும்.

அடுத்த வழி, திரையின் கடிகாரத்தைப் பிடிப்பது. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும், பெரும்பாலான திரைகளில் வினாடிக்கு 60 தடவை, ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் மூலம் பிரவுசர் உங்களைக் கூப்பிடும். கிராஃப் வெண்ணெய் போல் நகரும். ஆனால் பார்வையாளர் வேறு டேபுக்குப் போனவுடன் இந்த அழைப்பு நின்றுவிடும், வீடியோவின் ஒலியோ பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு, பேச்சு, பிரசங்கம் எல்லாவற்றையும் மக்கள் அப்படித்தானே கேட்கிறார்கள். அந்த நேரத்தைக் கணக்கிட இந்தக் கடிகாரத்தை நம்பினால் அவர்கள் எல்லோரும் பார்க்கவே இல்லை என்று பதிவாகும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வீடியோ ஃபிரேமும் திரைக்கு வரும்போது சொல்லி அனுப்பும் ஒரு வசதியும் இருக்கிறது. ரிக்வெஸ்ட் வீடியோ ஃபிரேம் கால்பேக் என்று நீளமான பெயர். குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது, அப்புறம் சஃபாரியிலும், 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும். திரையில் தெரிகிற ஃபிரேம் வீடியோவின் எந்த நேரத்துக்கு உரியது என்பதையும் அதுவே சொல்லும்.

எதற்கு எது என்றால்:

1. எண்ணுவதற்கு டைம்அப்டேட். மெதுவானது, ஆனால் பின்னணியிலும் வரும்.
2. வரைவதற்குத் திரையின் அழைப்பு. பார்க்க ஆள் இல்லாதபோது நின்றுபோவது இங்கே நல்லதுதான், பேட்டரி மிச்சம்.
3. படத்தில் உள்ள பொருளோடு ஒட்டி நகர வேண்டியவற்றுக்கு மட்டும் ஃபிரேம் அழைப்பு.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

வீடியோ ஜேஎஸ்ஸோ வேறு எந்த பிளேயரோ "எத்தனை பேர் இந்த இடத்தைப் பார்த்தார்கள்" என்று தானாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் சேகரிக்க வேண்டும், வேலையின் முக்கால் பாகம் இங்கேதான் போகிறது.

முதலில் குறுக்குவழி ஒன்று கண்ணில் படும். வீடியோ எலிமெண்டிடம் "எந்தெந்தப் பகுதி ஓடியது" என்று கேட்டால் பட்டியல் தரும் ஒரு பண்பு உண்டு, பிளேய்ட் என்று பெயர். 0 முதல் 90 வரை, 300 முதல் 420 வரை என்று அழகாகச் சொல்லும். ஆனால் ஒரே இடத்தை நாலு தடவை பார்த்தாலும் அது ஒன்றாகவே இணைத்துவிடும். திரும்பத் திரும்பப் பார்த்த இடத்தைத் தேடுகிற நமக்கு இது உதவாது. யார் எவ்வளவு தூரம் பார்த்து முடித்தார்கள் என்ற கணக்குக்கு வேண்டுமானால் இதுவே போதும்.

எனவே இடைவெளிகளாகப் பதிவு செய்வது நல்லது. பிளே ஆனவுடன் தொடக்க வினாடியைக் குறிக்கிறோம், நின்றாலோ, தாவினாலோ, முடிந்தாலோ இடைவெளியை மூடுகிறோம். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு குழி உண்டு. பார்வையாளர் பட்டையில் வேறு இடத்தைத் தொட்டவுடன் சீக்கிங் என்ற அறிவிப்பு வரும். அந்த நொடியில் வீடியோவிடம் "இப்போது எந்த வினாடியில் இருக்கிறாய்" என்று கேட்டால் அது பழைய இடத்தைச் சொல்லாது, தாவிப்போன புது இடத்தைச் சொல்லும். அதை அப்படியே முடிவு வினாடியாகப் போட்டால், 2-வது நிமிடத்திலிருந்து 15-வது நிமிடத்துக்குத் தாவியவர் நடுவில் உள்ள 13 நிமிடத்தையும் பார்த்ததாகப் பதிவாகிவிடும். எல்லோரும் சலித்துப்போய்த் தாண்டிய பகுதி கிராஃப்பில் மேடாக நிற்கும்! இதைத் தவிர்க்க, கடைசியாக வந்த டைம்அப்டேட்டின் வினாடியைக் கையில் வைத்திருந்து அதை முடிவாகப் போட வேண்டும். சாதாரண வேகத்தில் சுமார் கால் வினாடி பிழை வரும், அது பரவாயில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். பாட வீடியோக்களை 1.5 மடங்கு, 2 மடங்கு வேகத்தில் பார்க்கிறவர்கள் ஏராளம். சுவர்க் கடிகாரத்தை வைத்து எண்ணினால் வேகமாகப் பார்ப்பவர் பாதிதான் பார்த்தார் என்றாகும். எல்லாக் கணக்கும் வீடியோவின் நேரத்திலேயே இருக்க வேண்டும், வெளி நேரம் எங்கும் நுழையக்கூடாது.

சேகரித்ததைச் சர்வருக்கு எப்போது அனுப்புவது? பக்கத்தை மூடும்போது அனுப்பலாம் என்று விட்டுவைத்தால் மொபைலில் பாதி வராது. மக்கள் பக்கத்தை மூடுவதில்லை, ஆப்பை மாற்றுகிறார்கள், அப்படியே மறந்துவிடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் ஃபோன் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். பக்கம் பார்வையிலிருந்து மறையும் நொடியிலேயே அனுப்பிவிடுவதுதான் நம்பகமான வழி, அதற்கென்றே செண்ட் பீக்கன் என்ற சிறு அஞ்சல் வசதி பிரவுசரில் இருக்கிறது.

பார்வைக் கணக்கு அல்லாமல் ஒலியின் அலைவடிவத்தைப் பட்டையில் காட்ட விரும்புகிறவர்களும் உண்டு, சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தின் பாணியில். பிரவுசரிலேயே ஒலியை அலசலாம், ஆனால் வீடியோ கோப்பு வேறு சர்வரிலிருந்து வந்து, அந்தச் சர்வர் முறையான அனுமதி தரவில்லையென்றால், அலசலில் வெறும் பூஜ்யம்தான் வரும். நிரல் சரியாக இருக்கிறது, கிராஃப் தட்டையாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. முன்கூட்டியே சர்வரில் அலைவடிவத்தைக் கணக்கிட்டு எண்களாக வைத்துவிடுவது மேல். பிபிசி வெளியிட்ட ஆடியோவேவ்ஃபார்ம் என்ற இலவசக் கருவி அதைத்தான் செய்கிறது.

எண்களிலிருந்து மேடு

20 நிமிட வீடியோ என்றால் 1200 வினாடி. அதை 100 பெட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 12 வினாடி. யூடியூப் தன் படைப்பாளிகளுக்குத் தரும் பார்வையாளர் தக்கவைப்புத் தரவும் இப்படி வீடியோவை 100 பங்காக்கித்தான் தருகிறது. ஒவ்வொரு இடைவெளியும் எந்தெந்தப் பெட்டிகளைத் தொடுகிறதோ அவற்றில் அத்தனை வினாடியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சேர்த்ததைப் பார்வையாளர் எண்ணிக்கையாலும் 12-ஆலும் வகுத்தால், சராசரியாக ஒருவர் அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று வரும். 1-ஐத் தாண்டினால் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வந்த எண்களை அப்படியே வரைந்தால் ஏமாற்றமாக இருக்கும். எல்லோரும் தொடக்கத்தில்தான் தொடங்குகிறார்கள், போகப்போக ஆள் குறைகிறார்கள், ஆகவே இடதுபக்கம் ஒரு குன்று, அப்புறம் வலதுபக்கம் முழுக்கச் சரிவு. எந்த வீடியோவைப் போட்டாலும் இதே படம் வரும், இதில் யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லை. இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எதைக் காட்டுகிறோம், மொத்தப் பார்வையையா, மறுபார்வையையா? என் கருத்தில் பார்வையாளருக்கு மறுபார்வையும், வீடியோ செய்தவருக்கு மொத்தப் பார்வையும் போக வேண்டும். ஒருவர் ஒரு பெட்டிக்கு முதல் தடவை வந்ததைக் கழித்துவிட்டு இரண்டாம் தடவை முதல் எண்ணினால் தொடக்கக் குன்று பெருமளவு கரைந்துவிடும்.

அடுத்தது வளைவு. 100 புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் ரம்பப்பல் போலத் தெரியும் என்று எல்லோரும் வளைக்கிறார்கள். 2011-இல் வந்த டி3 என்ற வரைபட லைப்ரரி பல வகை வளைவுகளைத் தருகிறது. அவற்றில் சில புள்ளிகளைத் தொடாமலேயே போகும், சில இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எகிறிப் பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே பார்வையா! மோனோடோன் என்ற வகை அப்படி எகிறாது, இந்த வேலைக்கு அதுதான் சரி.

பிரவுசரில் படம் வரைய இரண்டு வழி, கோடுகளை உறுப்புகளாக வைக்கும் எஸ்விஜி, புள்ளி புள்ளியாகத் தீட்டும் கேன்வாஸ். எஸ்விஜியா கேன்வாஸா என்று நீண்ட சண்டைகள் நடக்கும், 100 பெட்டிக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. ஒரே ஒரு எஸ்விஜி கோடு, முடிந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும் என்றால் கேன்வாஸ். டி3-ஐ முழுசாக இறக்கவும் வேண்டாம், 2016-இல் வந்த நாலாவது பதிப்பிலிருந்து அது துண்டு துண்டாகக் கிடைக்கிறது, வேண்டிய இரண்டு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கிராஃப் காணாமல் போகும் இடங்கள்

மேலடுக்கு என்பது டிவி கண்ணாடியின் மேல் ஒட்டிய கண்ணாடித்தாள் மாதிரிதான். டிவியை மாற்றினால் தாள் கூட வராது.

முழுத்திரையில் இது முதலில் தெரியும். வீடியோ எலிமெண்டை மட்டும் முழுத்திரைக்கு அனுப்பினால் மேலே போட்டதெல்லாம் பின்தங்கிவிடும், சுற்றியிருக்கும் பெட்டியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். வீடியோ ஜேஎஸ் கணினியில் அப்படித்தான் செய்கிறது. ஐபோனில் கதை வேறு. அங்கே முழுத்திரை என்றால் வீடியோவைத் தன் சொந்த பிளேயருக்குள் எடுத்துக்கொள்வதுதான் சஃபாரியின் நெடுநாள் வழக்கம், உங்கள் பட்டையும் போகும், கிராஃப்பும் போகும். கிராஃப் கட்டாயம் வேண்டுமென்றால் முழுத்திரைக்குப் போகாமல் பிரவுசர் ஜன்னல் முழுக்கப் பிளேயரை விரித்துக்கொள்வதுதான் மாற்று. பிக்சர்-இன்-பிக்சர் என்ற சிறு மிதக்கும் ஜன்னலிலும் இதே நிலைதான். குரோமோ 2023-இல் தன் 116-வது பதிப்பிலிருந்து முழு ஹெச்டிஎம்எல்லையும் அந்தச் சிறு ஜன்னலுக்குள் கொண்டுபோக விடுகிறது.

படத்தின் மேலேயே எதையாவது குறிக்கிறீர்கள் என்றால் கறுப்புப் பட்டைகளைக் கவனிக்கவும். 16:9 பெட்டிக்குள் 4:3 பழைய படம் ஓடும்போது இரு பக்கமும் கறுப்பு வரும். பெட்டியின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் குறி எல்லாம் விலகி நிற்கும். வீடியோவின் உண்மையான அகல உயரத்தைக் கேட்டு வாங்கி, அது பெட்டிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துதான் குறிக்க வேண்டும், ஃபோனைத் திருப்பினால் மறுபடியும் அதே கணக்கு. இன்னொன்று, மேலடுக்கு கிளிக்குகளை விழுங்காதபடி ஒரு வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிப்பு) போட வேண்டும். அதை மறந்தால் கிராஃப் வந்த நாளிலிருந்து பாஸ் பட்டன் வேலை செய்யவில்லை என்று புகார் வரும்.

நேரலை: தரவு முந்திக்கொள்ளும்போது

பதிவு செய்த வீடியோவில் தரவு காத்திருக்கும், நேரலையில் அது காத்திருக்காது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறையில்தான் இன்று பெரும்பாலான நேரலைகள் வருகின்றன. வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் முறை அது, ஒரு துண்டு வழக்கமாக 6 வினாடி. பிளேயர் கடைசித் துண்டிலிருந்து தொடங்காது, குறைந்தது மூன்று துண்டு தள்ளியே தொடங்க வேண்டும் என்பது விதி. ஆக மைதானத்தில் நடப்பதற்கும் திரையில் வருவதற்கும் 18 வினாடி இங்கேயே போய்விட்டது, கேமராவிலிருந்து சர்வர் வரை ஆகும் நேரம் தனி.

ஸ்கோர் தரவோ வெப்சாக்கெட் என்ற, எப்போதும் திறந்திருக்கும் இணைப்பின் வழியாக ஒரு வினாடிக்குள் வந்துவிடும். விளைவு என்ன? பவுலர் இன்னும் ஓடி வரவே இல்லை, பக்கத்தில் உள்ள வெற்றி வாய்ப்புக் கிராஃப் தடாலென்று சரிகிறது. விக்கெட் விழப்போகிறது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி ஓவரில் இதைச் செய்கிற பிளக்இன்னை யாரும் இரண்டாம் நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

தரவை 20 வினாடி தாமதித்துவிடுவது சரியான தீர்வு இல்லை. ஒவ்வொருவருக்கும் தாமதம் வேறு: ஒருவர் நெட் திணறிப் பின்தங்கியிருப்பார், இன்னொருவர் ஒரு நிமிடம் பாஸ் செய்துவிட்டு டீ குடித்து வந்திருப்பார். ஹெச்எல்எஸ் பட்டியலுக்குள் "இந்தத் துண்டு உலக நேரப்படி இத்தனை மணிக்கு எடுத்தது" என்று குறிக்கும் புரோகிராம் டேட் டைம் என்ற வரி இருக்கிறது. ஒளிபரப்புகிறவர் அதைப் போட்டிருந்தால், ஹெச்எல்எஸ் ஜேஎஸ் போன்ற லைப்ரரியிடம் இப்போது திரையில் இருக்கும் ஃபிரேம் எத்தனை மணிக்குரியது என்று கேட்கலாம். வரும் ஸ்கோர் ஒவ்வொன்றையும் அதன் மணியோடு வரிசையில் நிறுத்தி, வீடியோ அந்த மணியை எட்டும்போது மட்டும் வெளியே விட வேண்டும். அந்த வரி இல்லாத நேரலையில் கிராஃப்பை பிளேயரோடு இணைக்காமல் இருப்பதே உத்தமம்.

கிராஃப் வந்த பிறகு என்ன மாறும்

கிராஃப் தெரியத் தொடங்கியதும் மக்கள் மேட்டைப் பார்த்து அங்கேயே தாவுவார்கள். தாவியதால் மேடு இன்னும் உயரும், உயர்ந்ததால் இன்னும் பலர் தாவுவார்கள். முதல் சில நாட்களில் தற்செயலாக எழுந்த ஒரு சின்ன மேடுகூட இப்படி ஊதிப்போய் நிலைத்துவிடும். கிராஃப்பைத் தொட்டு வந்த பார்வைகளைத் தனியாகக் குறித்துவைத்து மேட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இது அடங்கும். அதேபோல் ஆள் குறைவாக இருக்கும்போது கிராஃப்பையே காட்டாமல் இருப்பது நல்லது. ஏழு பேர் பார்த்த வீடியோவில் ஒருவர் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரே இடத்தை லூப்பில் ஓடவிட்டால் இமயமலை எழும்பிவிடும்.

ஆள் குறைவு என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு அலுவலகத்தின் பயிற்சி வீடியோவை நாலு பேர்தான் பார்த்தார்கள் என்றால், யார் எந்தப் பகுதியைத் தாண்டினார்கள் என்று மேலதிகாரி ஊகித்துவிடலாம். மருத்துவ ஆலோசனை வீடியோவில் யார் எந்த இடத்தைத் திரும்பப் பார்த்தார் என்பது இன்னும் அந்தரங்கமான விஷயம். ஒருவர் என்ன வீடியோ பார்க்கிறார் என்பதைப் பாதுகாக்க அமெரிக்காவில் 1988-லேயே தனிச் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியல் பத்திரிகையில் வந்ததுதான் அதற்குக் காரணம். கேசட்டுக்காக எழுதிய அந்தச் சட்டத்தின் கீழ் இன்று இணைய வீடியோ தளங்கள் மீது வழக்குகள் நடக்கின்றன. ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பெட்டிக் கணக்குக்கு ஆளின் அடையாளம் தேவையே இல்லை. இடைவெளிகளைப் பிரவுசரிலேயே 100 எண்ணாகச் சுருக்கி, பெயரோ கணக்கு எண்ணோ ஒட்டாமல் அனுப்பினால் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

யாரோ எழுதிய பிளக்இன்னைப் போடுவதற்கு முன்

மேலே சொன்னதெல்லாம் செய்யும் தயார் பிளக்இன் ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிளக்இன் என்றால் ஏதோ சின்ன ஒட்டு வேலை என்று தோன்றும், ஆனால் பக்கத்துக்குள் வந்த நிரலுக்குப் பக்கத்தின் எல்லா அதிகாரமும் உண்டு: லாகின் பெட்டியையும் படிக்கலாம், பார்வையாளரை வேறு தளத்துக்கும் திருப்பலாம். பழைய பிரவுசர்களுக்குத் துணை நிரல் தந்த பாலிஃபில் ஐஓ என்ற முகவரியின் விவகாரம் 2024-இல் அப்படித்தான் வெடித்தது. லட்சம் தளங்களுக்கு மேல் நம்பி இணைத்திருந்த அந்த முகவரி கைமாறியது, சில மாதங்களில் அதிலிருந்து தீய நிரல் வரத் தொடங்கியது. இணைத்தவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆகவே போடுவதற்கு முன் மூன்று சோதனை:

1. கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்துதான் இழுக்க வேண்டும் என்றால் குறிப்பிட்ட பதிப்பு எண்ணோடும், கோப்பு மாறினால் பிரவுசரே நிறுத்திவிடும்படி இன்டெக்ரிட்டி குறியீட்டோடும் இணைக்கவும்.
2. அது தரவை எங்கே அனுப்புகிறது என்று பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்து ஒரு முழு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் சர்வரைத் தவிர வேறு பெயர் தெரிந்தால் அது ஏன் என்று கேட்க வேண்டும்.
3. வீடியோவின் 1-வது நிமிடத்திலிருந்து 10-வது நிமிடத்துக்கு ஒரே தாவாகத் தாவுங்கள், 2 மடங்கு வேகத்தில் கொஞ்சம் ஓட்டுங்கள், வேறு டேபுக்குப் போய்விட்டு வாருங்கள், ஐபோனில் முழுத்திரைக்குப் போய்த் திரும்புங்கள். பிறகு பதிவான 100 எண்களைக் கையால் சரிபாருங்கள். தாவிய ஒன்பது நிமிடத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் அந்த பிளக்இன்னைக் கழற்றிவிடலாம்.